இல்லாத முகிலின் எதிரொலி

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கீழ்பென்னாத்தூர் வயல்களின்மேல் திரளும் மழைமுகிலைச் சென்னையிலிருந்தே காண முடியும். இந்திய வானிலை ஆய்வுத்துறை 2002ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் நிறுவிய டாப்ளர் ரேடார் அதற்குத் துணைசெய்தது. இரண்டு இடங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ரேடார் அனுப்பும் நுண்ணலைத் துடிப்பு நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் விரைந்து, மழைத்துளிகளில் பட்டுச் சிதறுகிறது. அதில் மிகச் சிறு கூறே மீள்கிறது. போய்வரும் 300 கிலோமீட்டருக்கு ஆகும் காலம் 1000 மைக்ரோ நொடி. கண்ணிமைப்பதையும் கைந்நொடிப்பதையும் மாத்திரைக்கு அளவாக வைத்தது தொல்காப்பியம். ரேடாரின் கணக்கோ, ஓர் இமைப்பை இலட்சம் கூறிட்டாலும் போதாத நுட்பம் உடையது. அக்கணக்கில் ஒரு மைக்ரோ நொடி பிழைத்தால், முகில் 150 மீட்டர் தள்ளித் தெரியும்.

அத்தகைய கருவியைப் புயல் வரும் நாளில் முதன்முதலாகச் சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை ஆகாது. சோதனைக்காக முகிலை வரவழைக்கவும் இயலாது. பொறியாளர் கண்ட வழி எளிமையானது. ரேடாரின் துடிப்பை வாங்கி, சற்று நேரம் நிறுத்திவைத்து, மீண்டும் அதனிடமே திருப்பி அனுப்ப வேண்டும். ரேடாருக்குக் காலத்தாழ்வே தொலைவு. எவ்வளவு தாழ்த்துகிறோமோ, அவ்வளவு தொலைவில் ஓர் இலக்கு இருப்பதாக அது கொள்ளும்.

ஆனால் ஒளியின் விரைவில் ஓடுவதை நிறுத்திவைப்பது எங்ஙனம்? நீண்ட கம்பிவடத்தில் ஓடவிடலாம் எனில், 1000 மைக்ரோ நொடிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வடம் வேண்டும். குறிகை பாதி வழியிலேயே தேய்ந்து மறையும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இதற்கு ஓர் அழகிய தீர்வு பிறந்தது. மின்குறிகையைப் படிகத்தின் வாயிலாக ஒலியதிர்வாக மாற்றிப் பாதரசக் குழாயில் செலுத்தினர். பாதரசத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1450 மீட்டரே செல்லும். ஆகவே ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த குழாயே 1000 மைக்ரோ நொடியைத் தந்துவிடும். மறுமுனையில் உள்ள படிகம் அதிர்வை மீண்டும் மின்குறிகையாக்கும். ரேடாருக்காக வளர்ந்த இக்குழாய்களே, 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு நினைவகமாயின.

பின்னர் ஒளியிழை வந்தது. ஒரு கிலோமீட்டர் இழையைக் கடக்க ஒளிக்கு ஏறத்தாழ 5 மைக்ரோ நொடி ஆகும். கீழ்பென்னாத்தூரில் ஒரு ரேடார் இருப்பதாகக் கொள்வோம். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மேற்கேயுள்ள அண்ணாமலையின் எதிரொலி அதனை 120 மைக்ரோ நொடியில் வந்தடையும். அதைப் போலியாக உண்டாக்க 24 கிலோமீட்டர் இழைச்சுருள் போதும். அது ஒரு பெட்டிக்குள் அடங்கும். எனினும் ஒரு சுருள் ஒரே தொலைவைத்தான் காட்டும். மலைக்கு அது பொருந்தும்; நகரும் முகிலுக்குப் பொருந்தாது.

அக்குறையைத் தீர்த்தது எண்ணியல் நினைவகம். வந்த துடிப்பை எண்களாக்கிச் சேமித்து, வேண்டிய கணத்தில் படித்து வெளிவிடலாம். நொடிக்கு 30 மீட்டர் விலகிச் செல்லும் முகிலைக் காட்டவேண்டுமெனில், காலத்தாழ்வு நொடிதோறும் 0.2 மைக்ரோ நொடி கூடவேண்டும். அதனுடன், 2.8 கிகாஹெர்ட்சு அலையின் அதிர்வெண் 560 ஹெர்ட்சு குறையவும் வேண்டும். இரண்டும் ஒத்துவராவிடில் போலி வெளிப்பட்டுவிடும். குறிகையின் வலிமையும் இயல்பாகத் தேயவேண்டும். விமானம் இருமடங்கு தொலைவுக்குச் சென்றால் அதன் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகும். பரந்த மழையின் எதிரொலியோ நான்கில் ஒரு பங்காகவே குறையும். இதே நுட்பத்தால் போர்க்களத்தில் இல்லாத விமானங்களைக் காட்டி எதிரியை ஏய்ப்பதும் உண்டு.

போலிக் குறிகையை வடத்தின் வழியே ஏற்பிக்குள் நேராகச் செலுத்தினால் அலைவாங்கி சோதனைக்கு உட்படாது போகும். அதனால் கருவியைத் தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தில் வைப்பர். கோபுரம் 1.5 கிலோமீட்டர் தொலைவில் இருப்பின், அலை போய்வருவதிலேயே 10 மைக்ரோ நொடி கழிந்துவிடும். எனவே 150 கிலோமீட்டர் தொலைவு முகிலைக் காட்ட, அக்கருவி தாழ்த்தவேண்டிய காலம் 1000 அன்று. 990 மைக்ரோ நொடியே.