கல்வராயன் மலையும் இயற்பியல் வகுப்பும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த கல்வராயன் மலை நீண்டு கிடக்கின்றது. அதன் ஒரு பகுதியாகிய சின்னக் கல்வராயன் ஏறத்தாழ 2700 அடி உயரமுடையது. தண்ணீர் 100 பாகையிற் கொதிக்கும் என்று பாடநூல் கூறும். அது கடல்மட்டத்திற்குரிய கணக்கு. அம்மலையில் உலை வைப்பார்க்கு 97 பாகை அளவிலேயே நீர் கொதித்துவிடும். காற்றின் அழுத்தம் அங்குக் குறைவாதலின் என்க. ஆதலால், பருப்பு வேகச் சற்றுக் கூடுதலான நேரம் வேண்டும்.

அவ்வடுப்பருகே வளர்ந்த மாணவன் ஒருவன், மலையினின்றும் இறங்கிக் கல்லூரியில் இயற்பியல் பயிலப் புகுகின்றான் என்று கொள்வோம். பள்ளியில் தமிழிற் பயின்ற அவன்முன் ஆங்கில நூல் வைக்கப்படுகின்றது. கரும்பலகையில் சூத்திரங்கள் நிரம்புகின்றன, அவன் படியெடுக்கின்றான். தன் வீட்டு உலைக்கும் அச்சூத்திரத்திற்கும் உள்ள உறவை எவரும் எடுத்துரையாராயின், சில திங்களில் அவன் மனம் பாடத்திற் பற்றாது போகும். குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தவன் படிப்பை இடையில் விட்டு ஊர் திரும்புதல் சிறிய இழப்பன்று.

இக்குறை கள்ளக்குறிச்சிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்னும் பேராசிரியர், விரிவுரை ஆற்றுவதில் மாணவரால் நன்கு மதிக்கப்பெற்றவர். கனத்த சரக்குந்தும் சிறிய காரும் மோதினால் எது எதன்மீது மிகுதியான விசையைச் செலுத்தும் என்பது போன்ற எளிய வினாக்களை 1990ஆம் ஆண்டளவில் அவர் விடுத்தபோது, கடினமான கணக்குகளைச் செய்யவல்ல மாணவர் பலர் தடுமாறினர். இரு விசைகளும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. விதியை ஒப்புவித்தவர்களே அதனை உள்ளத்தால் நம்பவில்லை! அதுமுதல் மசூர், வகுப்பின் இடையே வினாவொன்றை விடுத்து, ஒவ்வொருவரும் தனித்து விடை குறித்தபின் அருகிருப்பாரோடு வாதிடச் செய்தார். தோழன் கூறும் விளக்கம் ஆசிரியர் விளக்கத்தினும் எளிதிற் பதிவதுண்டு. தான் இடறிய இடத்தை அவன் இன்னும் மறந்திலன் அன்றோ?

அப்பல்கலைக்கழகத்திலேயே நிகழ்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று வியப்பானது. ஒரு சாரார் இனிய விரிவுரை கேட்டனர். மற்றொரு சாரார் அதே பாடத்தைத் தாமே கணக்கிட்டு முயன்று பயின்றனர். தேர்வில் முயன்றவர்களே மேம்பட்டனர். ஆயினும், மிகுதியாகக் கற்றோம் என்று எண்ணியவர்கள் விரிவுரை கேட்டவர்களே! முயற்சியின் களைப்பை அறியாமையின் அடையாளமாக மாணவர் பிழைபடக் கொள்கின்றனர். இதனை முதல் வாரத்திலேயே அவர்க்கு உரைத்துவிடுதல் ஆசிரியர் கடன்.

இத்தகைய வழிகள் தமிழகத்திற்குப் புதியனவும் அல்ல. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, 1928இல் இராமன் விளைவைக் காண்பதில் இராமனுக்கு உறுதுணையாய் நின்ற கே. எஸ். கிருஷ்ணன், இளமையிற் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை விளக்குநராக இருந்தார். நண்பகல் உணவு வேளையில் அவர் மாணவரைக் கூட்டி, இயற்பியல், கணிதம், வேதியியல் ஆகியவற்றுள் எதைப் பற்றிக் கேட்பினும் அளவளாவுவார். பாடத்திட்டத்தில் இல்லாத அக்கூட்டத்திற்குப் பிற கல்லூரி மாணவரும் நாடி வந்தனர். மாலையில் மலைப்பேருந்துக்கு விரையும் மாணவனுக்கும் நண்பகலில் அரைமணி ஒழிந்திருக்கும். ஆங்கில நூலில் விளங்காததை அங்கே அவன் தமிழிற் கேட்கத் தடையில்லை.