மறதிநோயாளர் இல்லத்தை ஆய்ந்து பார்த்தல்

எங்கள் முதியோர் நலப் பிரிவுக்கு வரும் குடும்பத்தார் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு. "அம்மாவை இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. நல்ல இல்லம் ஒன்றைச் சொல்லுங்கள், டாக்டர்" என்பார்கள். இவ்வினாவுக்கு நாங்கள் பெயர் சொல்லி விடையளிப்பதில்லை. ஓர் இல்லத்தின் இன்றைய நிலை ஆறு மாதம் கழித்து அப்படியே இருப்பதில்லை. பொறுப்பான செவிலியர் ஒருவர் வேலையை விட்டுச் சென்றாலே அங்கு எல்லாம் மாறிவிடக்கூடும். எனவே இல்லத்தை எவ்வாறு பார்ப்பது என்பதையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய், இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினருக்கு இருப்பதாக 2023இல் வெளியான நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் இது சுமார் 88 லட்சம் பேர். தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று நீளும் தென்புறநகரில் பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்க, பெற்றோர் தனித்து வாழும் வீடுகள் பல. இல்லத்தில் சேர்ப்பதைக் கைவிடுதல் என்று பேசும் உறவினர்கள், இரவு முழுவதும் கண்விழிக்கும் மகளுக்கு ஒருநாளும் துணையாக வந்து உட்கார்வதில்லை. ஆகவே அப்பழிச்சொல்லைப் பற்றி இங்கு மேலும் பேசப் போவதில்லை.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதன் கீழ்த் தமிழ்நாட்டின் விதிகள் 2009இல் வந்தன. முதியோர் இல்லங்கள் தொடர்பாக மாவட்டச் சமூகநல அலுவலரையே முதலில் அணுக வேண்டும். தாம்பரம் வட்டம் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. சோழிங்கநல்லூர் வட்டமோ சென்னை மாவட்டத்தில் உள்ளது. அஞ்சல் முகவரியில் இரண்டுக்குமே "சென்னை" என்றிருப்பதால் மனுக்கள் தவறான அலுவலகத்துக்குப் போய்க் கிடப்பதுண்டு. இல்லம் எந்த வட்டத்தில் இருக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறதிநோயாளரைத் தங்கவைக்கும் இல்லத்துக்கு மற்றொரு சட்டமும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்குத் தரும் வரையறையில் நினைவாற்றலிலும் இடகால உணர்விலும் ஏற்படும் கடுமையான குலைவையும் சேர்த்திருக்கிறது. அத்தகையோரைச் சேர்த்துத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும் என்கிறது. எனவே இல்லத்துக்குச் செல்லும்போது, "எந்தெந்தத் துறையில் பதிவு பெற்றிருக்கிறீர்கள், எந்தத் தேதி வரை செல்லும்?" என்று கேளுங்கள். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். தேதியைப் படிப்பவர்கள் மிகச் சிலரே.

அரசு ஆய்வு ஒன்றையே நம்பியிருக்க முடியாது. 2018 பிப்ரவரியில் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலேஸ்வரத்தில் இயங்கிய இல்லமொன்றின் வாகனத்தில், இறந்தவர் உடலோடு உயிருள்ள முதியோரும் கொண்டுசெல்லப்பட்டதாகச் செய்தி வெளியாயிற்று. அதன்பின் பல துறை அலுவலர்கள் அங்குச் சென்று ஆய்வு நடத்த, தங்கியிருந்தோர் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டனர். அலுவலர் ஆண்டுக்குச் சில முறை வரலாம். குடும்பத்தார் வாரந்தோறும் வர முடியும்.

எதைப் பார்ப்பது என்பதற்கு வருவோம். வரவேற்பறையின் சோபாவையும் தோட்டத்தையும் பார்த்து மயங்கவேண்டாம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக முதியோரைப் பார்த்துவரும் நாங்கள் முதலில் கேட்பது பூட்டைப் பற்றித்தான்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்யும் விதி இன்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. இப்போது தென்புறநகர் இல்லங்களில் சங்கிலி இராது. ஆனால் பூட்டு இருக்கும், இருக்கவும் வேண்டும். மறதிநோயாளர் மாலையானால் "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று கிளம்பிவிடுவார். சிறிது தூரத்திலேயே ஜி.எஸ்.டி. சாலையும் இரயில் பாதையும் உள்ளன. வாயிற்கதவைத் திறந்துபோட்டு வைக்கும் இல்லத்தை நாங்கள் நல்ல இல்லம் என்று சொல்லமாட்டோம்.

ஆகவே கேட்கவேண்டியது சாவியைப் பற்றியே. இரவில் சாவி எவரிடம் இருக்கிறது? இடுப்பிலா, மாடியறை மேசையிலா? எத்தனை சாவிகள் உள்ளன? பின்வாயில் உண்டா, அல்லது அதன் முன்னே பழைய கட்டில்களை அடுக்கி வைத்திருக்கிறார்களா? படுக்கையறைக் கதவுகளுக்கு வெளிப்புறத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா? வாயிற்பூட்டு வேறு, அறைப்பூட்டு வேறு. வெளியே தாழ்ப்பாள் போட்ட அறை என்பது தனிமைச் சிறை. சட்டம் அதை அனுமதிப்பதில்லை. இவ்வினாக்களை மேலாளரிடம் கேட்பதில் பயனில்லை. அவர் நன்றாகவே விடை சொல்வார். இரவு எட்டு மணிக்குமேல் சென்று, இரவுப் பணியில் இருக்கும் உதவியாளரிடம், "தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வீர்கள், அம்மா?" என்று கேளுங்கள். அவர் சாவியை எடுத்துக் காட்டினால் மனம் நிறையும். "சாருக்கு போன் பண்ணுவேன்" என்பாரானால், அன்றே மேலாளரிடம் பேசுங்கள்.

தீயைப் போலவே நீரும். 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளம் மூழ்கியதை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. இல்லம் நிற்கும் தெருவில் அவ்விரு முறையும் நீர் எவ்வளவு உயர்ந்தது என்று எதிர்வீட்டாரிடம் கேளுங்கள். எழுந்து நடக்க இயலாதவர்களைத் தரைத்தளத்திலேயே வைத்திருப்பது அன்றாடத்துக்கு வசதி. மழைக்காலத்தில் அதுவே ஆபத்து. மாடிக்குத் தூக்கிச் செல்ல எத்தனை கைகள் இருக்கின்றன என்பதே கணக்கு.

அடுத்தது கட்டிவைத்தல். சங்கிலி போய்விட்டாலும் துண்டும் பழைய புடவைக் கிழிசலும் போய்விடவில்லை. முதியவரை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டு, "விழாமல் இருக்கத்தான்" என்பார்கள். உடனடியான தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, பதிவேட்டில் எழுதிச் செய்யவேண்டிய செயல் இது என்று சட்டத்தின் 97ஆம் பிரிவு கூறுகிறது. தண்டனையாகச் செய்யக்கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் செய்யக்கூடாது. ஒவ்வொரு முறையும் நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டு நியமிக்கலாம். நோயின் தொடக்கத்தில், புரிந்துகொள்ளும் ஆற்றல் இருக்கும்போதே உங்கள் பெற்றோரிடம் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் பார்க்கும் குடும்பங்களில் பலர் இதைக் காலங்கடந்தே நினைக்கிறார்கள்.

துணியால் கட்டாமல் மருந்தால் கட்டுவதும் உண்டு. இரவில் கூச்சலிடுகிறார் என்று மனநோய்க்கான மாத்திரைகளைக் கொடுத்து அமைதிப்படுத்துவது எளிது. மறதிநோயுள்ள முதியோருக்கு இவ்வகை மருந்துகள் சிலவற்றால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. 2008இல் அவ்வெச்சரிக்கையைப் பழைய மருந்துகளுக்கும் விரிவாக்கியது. இம்மருந்துகளே கூடாது என்பது பொருளன்று. நாங்களும் சிலருக்கு எழுதுகிறோம். எவர் எழுதினார், எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்னும் மூன்றுக்கும் விடை வேண்டும். சென்ற மாதம் பேசிக்கொண்டிருந்த தந்தை இம்மாதம் நண்பகலில் எச்சில் வடிய உறங்கினால், மருந்துப் பட்டியலைக் கைப்பேசியில் படமெடுத்து எங்களுக்குக் காட்டுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிடவேண்டாம்.

இனி இப்பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம். மறதிநோயாளரிடம் "இங்கே நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா?" என்று கேட்டால் நம்பத்தக்க விடை கிடைப்பதில்லை. காலையில் சாப்பிட்டதையே அவர் மறந்திருப்பார்; சாப்பாடே போடவில்லை என்றும் சொல்வார். சொல்ல இயலாதவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதை அறிவது எப்படி? இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் டாம் கிட்வுட் என்னும் அறிஞரும் கேத்லீன் பிரெடினும் இதற்கொரு முறையை வகுத்தார்கள். பார்வையாளர் கூடத்தில் அமைதியாக அமர்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருக்கிறார், அவர் முகத்தில் என்ன தெரிகிறது, அவரிடம் எவர் எவ்வாறு பேசினார் என்று எழுதிக்கொண்டே போவார். அந்நாட்டின் பராமரிப்புத் தர ஆணைய ஆய்வாளர்கள் இன்றும் இதன் சுருங்கிய வடிவத்தைக் கையாளுகிறார்கள்.

இதனை நீங்களும் செய்யலாம். உணவு நேரத்தில், ஒரு மணி நேரம், கையில் சிறு குறிப்பேடு. உங்கள் தாயாரை மட்டும் பாராமல், எவரும் பார்க்க வராத மூலை நாற்காலிக்காரரையும் பாருங்கள்; அவர் நடத்தப்படும் விதமே அவ்வில்லத்தின் உண்மையான தரம். ஊட்டுபவர் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றுகொண்டா? முதல் வாய் விழுங்குமுன் இரண்டாம் வாய் வருகிறதா? ஊட்டும்போது பேச்சு முதியவரோடா, அவர் தலைக்கு மேலாக மற்றோர் உதவியாளரோடா? கழிவறைக்குப் போகவேண்டும் என்று சைகை காட்டியவரிடம் எவரேனும் வர எவ்வளவு நேரம் ஆயிற்று? தொலைக்காட்சி யாருக்காக ஓடுகிறது? எல்லாரையும் "பாட்டி" என்பதில் தவறில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றிய ஒருவரை "டீச்சர்" என்று அழைத்தால் நிமிர்ந்து பார்ப்பார் என்பதை அங்கே எவரேனும் கண்டுபிடித்திருக்கிறார்களா? தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர் நோய் முற்றியபின் தமிழை மறந்து தெலுங்கில் மட்டும் பேசுவதுண்டு. அவரோடு நாளுக்கு ஒரு முறையாவது அம்மொழியில் பேச ஆளிருக்கிறதா?

உடலும் பேசும். நகங்கள், உலர்ந்த நாக்கு, குதிகால், முதுகின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். படுக்கையிலேயே இருப்பவரை வழக்கமாக இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிடுவார்கள். குதிகாலின் சிவப்பு, புரட்டாததைக் காட்டிக்கொடுக்கும். மாதந்தோறும் எடை பார்க்கிறார்களா என்று கேட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். ஐம்பது கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இழந்தால் எங்களிடம் அழைத்து வரவேண்டும். கண்ணாடி, பல்செட், காதுக்கருவி மூன்றிலும் பெயர் எழுதிக்கொடுங்கள். பல்செட் ஆள் மாறிப்போவது வேடிக்கையாகத் தோன்றும், சாப்பிட முடியாமற்போகும் வரையில். சொந்த உடையை உடுத்தும் உரிமையையும், கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது என்பதையும் மேற்சொன்ன சட்டமே கூறுகிறது. பேன் தொல்லை என்று தலையை மழித்துவிட்டோம் என்றால், எவரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்குண்டு.

இவ்வளவும் கேட்டபின் குடும்பத்தார் எங்களிடம் தயங்கித் தயங்கிச் சொல்வது ஒன்று: "நாங்கள் குறை சொல்லிவிட்டு வந்துவிடுவோம். இரவில் அம்மா அவர்கள் கையில்தானே இருக்கிறார்?" இவ்வச்சத்தை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடமாட்டோம். ஆனால் வாய்மூடிப் போகும் குடும்பத்தைவிட, அடிக்கடி வந்து பார்க்கும் குடும்பத்தின் முதியவர்தான் கூடுதல் கவனம் பெறுகிறார் என்பதே நாங்கள் கண்டது. வேவுக்காரரைப்போல் நுழையவேண்டாம். உதவியாளர்களில் பலர் ஒடிசாவிலிருந்தோ நம் வடமாவட்டங்களிலிருந்தோ குறைந்த ஊதியத்துக்கு வந்தவர்கள். தொடர்ந்து எத்தனை இரவு விழித்திருக்கிறார், வார விடுப்பு உண்டா என்று அவர்களையும் விசாரியுங்கள். விடுப்பில்லாமல் வேலை வாங்கும் இல்லத்தில் பொறுமை வற்றிப்போவது இயல்பு. அன்போடு ஊட்டியவரைக் கண்டால் மேலாளர் முன்னிலையில் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். குறையை மட்டும் எழுத்தில், தேதியிட்டுக் கொடுத்துப் படி வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் இல்லையெனில் மூத்த குடிமக்களுக்கான 14567 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்; மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்கும் எழுதலாம். அடி, காயம், பட்டினி போன்றவை தெரிந்தால் காத்திருக்காமல் முதியவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்; காயங்களைப் பதிவுசெய்வது எங்கள் கடமை.

வெளிநாட்டில் இருப்போர் காணொளி அழைப்பை மட்டும் நம்பவேண்டாம். கேமரா முன் எல்லாரும் தலைவாரி உட்கார்ந்திருப்பார்கள். தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ இருக்கும் சித்தியையோ பழைய அண்டைவீட்டாரையோ, ஒரு வாரம் காலை ஏழுக்கும் மறுவாரம் மாலை ஆறுக்குமாக, சொல்லாமல் போய் வரச் சொல்லுங்கள். குறிப்பேடு ஒன்றே இருக்கட்டும். போகிறவர் எவராயினும் அதிலேயே எழுதட்டும். அடுத்தமுறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது அதை மறவாமல் கொண்டு வாருங்கள். எடையையும் மருந்துப் பட்டியலையும் அதிலிருந்தே பார்த்துக்கொள்வோம்.