சிறு மோட்டார் வண்டியின் உயிர்ப்பு

உயிர்கட்கு உணவினும் நீரினும் இன்றியமையாதது காற்று. உணவின்றிப் பன்னாள் வாழ்வாரும் நீரின்றிச் சின்னாள் வாழ்வாரும் உளர்; காற்றின்றிச் சில நிமிடம் வாழ்தலும் அரிது. மோட்டார் வண்டியின் எந்திரத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். பெட்ரோலே வண்டியை ஓட்டுகின்றது என்பர் பலர். ஆயின் ஒரு பங்கு பெட்ரோல் செவ்வனே எரிதற்கு, நிறையளவில், ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். கன அளவால் நோக்கின், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்றாம். ஆதலின் வண்டி உண்பது பெட்ரோல் என்பதினும், உயிர்ப்பது காற்று என்பதே பெரிதும் பொருத்தமுடைத்து.

இக்காற்றுப் புகும் வழியை மாற்றி அமைப்பின் வண்டியின் ஆற்றல் பெருகும் என்று கூறிக் கடைகளிற் பலவகைக் குழாய்களும் வடிகட்டிகளும் விற்கப்படுகின்றன. தந்தையர் தவணைக்கடன் கொண்டு வாங்கிய வண்டியில் இவற்றைப் பூட்ட விழையும் இளைஞர் எம் தோழருள்ளும் உளர். தமிழ் பயில்வார்க்கு எந்திரத்தில் என்ன வேலை என வினவற்க. சொல்லுக்குப் பொருள் உண்டா என ஆராய்தல் தமிழ் மாணாக்கர் தொழில். ‘ஆற்றல் பெருகும்’ என்னும் விற்பனைச் சொல்லும் அவ்வாராய்ச்சிக்கு விலக்கன்று. ஈண்டுச் சிறு வண்டி என்றது, நான்கு மீட்டருக்கு மேற்படாத நீளமும், 1200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் எந்திரமும் உடையதாய், டர்போ இல்லாததாய் நம் தெருக்களில் ஓடும் வண்டியையே.

முதற்கண், தொழிற்சாலையார் அமைத்த வழியை அறிதல் வேண்டும். பானட்டைத் திறந்து நோக்கின் கரிய பெட்டி ஒன்று தோன்றும். அதனுள் மடிப்பு மடிப்பாய் அமைந்த காகித வடிகட்டி உளது. பெட்டியின் மூக்குப் போன்ற குழல் பெரும்பாலும் வண்டியின் முன்புறத்தே, ஹெட்லைட்டை அடுத்து, வெளிக்காற்றை நோக்கியிருக்கும். வெம்மையைத் தவிர்த்தலும், தூசியை விலக்கலும், ஓசையை அடக்கலும், மழைநீர் புகாமற் காத்தலும் ஆகிய நான்கு தொழிலையும் அச்சிறு பெட்டியே செய்கின்றது. அதனைக் கழற்ற எண்ணுவோர் இந்நான்கனுள் எதனை இழக்கின்றோம் என முன்னரே உணர்தல் நன்று.

இனி, மாற்றாக விற்கப்படுவன மூவகைப்படும். பழைய பெட்டியை அவ்வாறே வைத்து, காகித வடிகட்டிக்கு ஈடாக, எண்ணெய் தோய்ந்த பருத்தித் துணி வடிகட்டியை இடுதல் ஒன்று. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோன்றிய கே அண்ட் என் நிறுவனத்தார் இவ்வகையைப் பரவச் செய்தோருள் முதன்மையானோர். பெட்டியை நீக்கி, குறுங்குழாயின் நுனியிற் கூம்பு வடிகட்டியை எந்திரத்தின் அருகிலேயே பூட்டுதல் இரண்டாவது. நெடுங்குழாயை பம்பரின் பின்புறம்வரை இறக்கி, அதன் அடியில் வடிகட்டியை வைத்துக் குளிர்ந்த காற்றைக் கொள்ளுதல் மூன்றாவது.

இவற்றால் விளையும் பயன் எத்துணை? 1200 கன சென்டிமீட்டர் எந்திரம், நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றுங்கால், மிகுதியாகக் கொள்ளும் காற்று 3,600 லிட்டர். அந்நிலையிற்றான் வடிகட்டியின் தடை சிறிதேனும் புலப்படும். ஊர்த்தெருவில் 2,000 சுற்றில் மெல்லச் செல்லுங்காலோ, ஆக்சிலேட்டரோடு இயைந்த திராட்டில் என்னும் கதவே பெரும்பாலும் மூடியிருந்து காற்றைத் தடுக்கின்றது. உள்வாயில் சாத்தியிருப்ப, வெளிவாயிலை அகலப்படுத்துவதால் ஆவதென்ன?

இதனை அளந்தறிய எளிய கருவி ஒன்று உண்டு. ஒளி ஊடுருவும் குழாயைப் பகர வடிவாய் வளைத்து, பாதி நீர் நிரப்பி, ஒரு முனையை வடிகட்டிக்கும் திராட்டிலுக்கும் இடைப்பட்ட குழாயோடு இணைத்து, மற்றொரு முனையைத் திறந்து விடுக. நீர் எந்திரத்துட் செல்லாதவாறு ஒவ்வொரு கையும் அரை மீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஓட்டுவார் ஒருவரும் நீர்மட்டம் நோக்குவார் ஒருவருமாக இருவர் செல்லல் முறை. திராட்டில் முழுதும் திறந்திருக்கும்போது இரு கைகளின் நீர்மட்டமும் 10 சென்டிமீட்டர் வேறுபடின், வடிகட்டியாலும் பெட்டியாலும் விளையும் தடை வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. அத்தடை முழுதும் நீங்கினும் பெறும் ஊதியமும் நூற்றில் ஒன்றேயாம். எண்பது குதிரைத்திறன் உடைய எந்திரத்துக்கு அஃது ஒரு குதிரைக்கும் குறைவு.

வெம்மையால் விளையும் இழப்போ இதனினும் பெரிது. காற்றுச் சூடேறின் விரியும். விரியின் அடர்த்தி குன்றும். கோடையில் வெளிக்காற்று 40 பாகை செல்சியஸ் எனவும், பானட்டின் உள்ளே தேங்கிய காற்று 70 பாகை எனவும் கொள்வோம். உட்காற்றின் அடர்த்தி வெளிக்காற்றினும் நூற்றுக்கு ஒன்பது பங்கு குறையும். குறுங்குழாய் பூட்டினோர், தடையில் ஒரு பங்கை மீட்க விரும்பி, வெம்மையில் ஒன்பது பங்கை இழத்தல் கூடும். வண்டி விரைந்து ஓடுங்கால் இவ்விழப்புக் குறையும். சிக்னலில் நிற்குங்கால் மிகும். ஆயினும் அவ்வண்டி உரத்து முழங்குதலின், ஓட்டுவார் அம்முழக்கத்தையே ஆற்றலென மயங்குவர். வெறுங்குடத்தின் ஓசை பெரிது என்பதை நம்மவர் அறியாதவரல்லர்.

நெடுங்குழாய் இக்குற்றத்தினின்று நீங்கியது. ஆயின் நீரால் வருங் கேட்டை உடையது. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்கலாகாது. தாழ்ந்திருக்கும் வடிகட்டி வெள்ளத்தில் மூழ்கின், எந்திரம் காற்றுக்கு ஈடாக நீரை உறிஞ்சும். மேலெழும் பிஸ்டன் நீரொடு மோதக் கனெக்டிங் ராடு வளையும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரிலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்கள் வெள்ளக்காடானமை யாவரும் அறிந்ததே. நீர் புகுந்து நின்ற வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்யத் துணிதல் பெருங்கேட்டுக்கு அடிகோலுவதாம். பொதுவான வண்டி இன்சூரன்ஸ் இந்நட்டத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. தனிக்கட்டணம் செலுத்தி எந்திரக் காப்புப் பெற்றோர்க்கே ஆறுதல் உண்டு.

எண்ணெய்த் துணி வடிகட்டியும் கவனத்தை வேண்டுவதே. கழுவிப் பன்முறை பயன்படுத்தலாம் என்பது அதன் சிறப்பு. கழுவியபின் எண்ணெயை மிகுதியாகப் பூசின், சூடேற்றிய மெல்லிய கம்பியாற் காற்றை அளக்கும் சென்சார் உடைய வண்டிகளில் அவ்வெண்ணெய் கம்பியிற் படிந்து அளவைப் பிறழச் செய்யும். குறையப் பூசின் தூசி உட்புகுந்து சிலிண்டரின் சுவரைத் தேய்க்கும்.

பெட்ரோல் மிச்சமாகும் என்னும் கூற்றையும் நோக்குவாம். அமெரிக்க நாட்டு ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தார் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கணினியால் எரிபொருளை அளந்து செலுத்தும் தற்கால வண்டிகளில், அழுக்கடைந்த வடிகட்டியாற்கூட எரிபொருட் செலவு குறிப்பிடத்தக்க அளவில் மிகுவதில்லை என்றும், விரைவு பெறும் ஆற்றலே குறைகின்றது என்றும் காட்டிற்று. அழுக்கடைந்ததை நீக்குவதாலேயே மிச்சம் இல்லையெனின், தூயதை நீக்கி வேறொன்று இடுவதால் மிச்சம் யாண்டையது?

இதுகாறும் கூறியவாற்றால் யாம் துணிவது இது. நாள்தோறும் ஊரில் ஓடும் சிறு வண்டிக்குப் பழைய பெட்டியும், காலந்தோறும் மாற்றிய தூய காகித வடிகட்டியுமே சாலும். நெடுங்காலம் வண்டியை வைத்திருப்போரும் முறையாகக் கழுவி எண்ணெயிடும் பொறுமை உடையோரும் அப்பெட்டியினுள்ளேயே துணி வடிகட்டியை இடலாம். ஆற்றலை அதனிடம் எதிர்பாரற்க. பந்தயத் தடத்தில் ஓட்டுவோர், அளந்து பார்த்துத் தடை மிகுதியெனக் கண்டபின், நெடுங்குழாயைக் கொள்ளலாம்; மழைக்காலத்து அதனைக் கழற்றிவிடல் நன்று. எந்திர வெம்மையினின்று மறைக்கும் தடுப்பில்லாத குறுங்குழாய் எவர்க்கும் வேண்டா. எதனைப் பூட்டினும், வண்டியின் வாரண்டிக்கு இடையூறு நேருமா என முன்னரே கேட்டறிதல் கடன்.

கோபுரம் எழுப்ப எண்ணுவான் அதற்காகும் பொருளை முன்னர் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது நம் ஆண்டவர் அருளிய உவமை. குழாய் ஒன்று வாங்குவார்க்கும் அவ்வறிவுரை பொருந்தும். உழைத்து ஈட்டியவர் பொருளை ஓசைக்கு விலையாகக் கொடாது, அளந்து கண்டதற்கே கொடுத்தல் கற்றோர்க்கு அழகு. எம் தோழர் கடைவாயிலை மிதிக்குமுன் நீர் நிறைந்த பகரக் குழாயை ஒருமுறை நோக்குவாராக.