சப்டைட்டிலை வீடியோவிலேயே பதிப்பது எப்படி?

சிம்போசியத்துல உங்க குறும்படம் ஓடுது, சப்டைட்டில் மட்டும் காணோம். ஏன்னா எஸ்ஆர்டி ஃபைல் உங்க லேப்டாப்லயே தங்கிடுச்சு! இந்தச் சிக்கல் வராமலிருக்க, எழுத்துகளை வீடியோ படத்தின் மேலேயே பதித்துவிடலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும்.

1. ஹேண்ட்பிரேக்கில் வீடியோவைத் திறங்க.
2. 'சப்டைட்டில்ஸ்' பகுதியில் எஸ்ஆர்டி ஃபைலை இம்போர்ட் பண்ணுங்க.
3. 'பர்ன் இன்' டிக் பண்ணுங்க.
4. புதுப் பெயர் கொடுத்து 'ஸ்டார்ட்' அழுத்துங்க. வீடியோ முழுசும் மறுபடி என்கோட் ஆகும், நேரம் எடுக்கும். கடைசி நிமிஷத்துல ஆரம்பிக்காதீங்க.

தமிழ் எழுத்து கிறுக்கலா வருதா? எஸ்ஆர்டியை நோட்பேடில் திறந்து, 'சேவ் அஸ்' போய், என்கோடிங்கை யுடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமியுங்க.

முக்கியமா, பதித்த எழுத்தை அப்புறம் நீக்க முடியாது. ஒரு எழுத்துப்பிழை இருந்தாலும் திரையில் அப்படியேதான் நிற்கும். அதனால முதல்ல பிழை பாருங்க. ஒரிஜினல் வீடியோவை அழிச்சிடாதீங்க!