ஆறு வயதில் வரும் பல்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை எல்லாம் வாங்கி முடித்த பிறகு, ஒரு அக்கா உள்கடன் கேட்டார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பல் வைத்தியமாம். பக்கத்தில் இருந்தவர், "மெட்ரிக் ஸ்கூல்ல படிக்கிற புள்ளைக்குமா சொத்தப் பல்லு?" என்று கேட்டுவிட்டார். அவருடைய பையன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். அந்த அக்கா முகம் சுருங்கிப் போச்சு. அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில், சொத்தை பூச்சி அரித்து வருவதில்லை. நம் எல்லோர் வாயிலும் இருக்கும் கிருமிகள், பல்லில் ஒட்டிய இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அது பல்லின் மேல்பூச்சைக் கரைக்கிறது. ஒரு தடவை தின்றால் ஏறக்குறைய அரைமணி நேரம் இந்த வேலை நடக்கும். பிறகு உமிழ்நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்யும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதோடு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதையும் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டில் சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பதை விட, பையில் மிட்டாய் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகச் சப்புவதுதான் பல்லை அதிகம் கெடுக்கும்.

இப்போது பள்ளிக்கு வருவோம். அரசுப் பள்ளியில் மதியம் போடும் சோறும் முட்டையும் பல்லைக் கெடுப்பதில்லை. கெடுப்பது வாசல் கடை ஜவ்வு மிட்டாய். தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அந்தக் கடை இல்லாவிட்டாலும் ஸ்நாக்ஸ் டப்பா இருக்கிறது. கிரீம் பிஸ்கட், கேக், சிப்ஸ் என்று நம் கையாலேயே வைத்து அனுப்புகிறோம். சாயங்காலம் டியூசனுக்குப் போகும்போது இன்னொரு பாக்கெட். ஃபீஸ் கூடினால் பல் கெடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். (கடலை மிட்டாயும் பல்லில் ஒட்டும். வெல்லமும் சர்க்கரைதான்! சுண்டலோ, வறுத்த கடலையோ கொடுங்கள்.)

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டம் அங்கன்வாடி, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிப்பதற்காக வந்தது. அந்தப் பரிசோதனையில் பல்லும் உண்டு. தனியார் பள்ளி அதில் சேராது. ஆக, கடன் வாங்கிப் பணம் கட்டிப் படிக்க வைக்கும் தாய்மார்தான் பிள்ளையின் வாயைத் தானே திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த அக்காவும் பார்க்காமல் இல்லை. "கறுப்பா தெரிஞ்சுது மேடம். பால் பல்லுதானே, விழுந்து மொளைச்சிரும்னு விட்டுட்டேன்" என்றார். டாக்டர் சொன்ன பிறகுதான் அது நிரந்தரப் பல் என்று தெரிந்திருக்கிறது.

இங்கேதான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலேயே, பால் பற்களுக்குப் பின்னால் புதிதாக ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு. முன்பல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் ஆறாவது பல். அது போனால் மறுபடி முளைக்காது. அதன் மேல் பள்ளங்கள் இருப்பதால் பண்டம் சிக்கிக்கொள்ளும். முளைக்கும்போது மற்ற பல்லை விடத் தாழ்வாக இருப்பதால் பிரஷும் படாது. பால் பல் என்றும் அலட்சியம் வேண்டாம். கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை.

ராத்திரி படுக்கும் முன் ஃபுளோரைடு உள்ள பேஸ்டால் விளக்க வேண்டும். தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும். மூன்று வயதுக்கு மேல் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஏழு, எட்டு வயது வரை நீங்களே விளக்கி விடுங்கள். செங்கல் பொடி வேண்டவே வேண்டாம், பல் தேய்ந்துவிடும். வலிக்கு மூக்குப்பொடி, புகையிலை வைப்பதையும் விட்டுவிடுங்கள். கிராம்பு வலியைக் கொஞ்ச நேரம் அடக்கும், சொத்தையை ஆற்றாது. சின்னக் குழியாக இருக்கும்போதே அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போனால் அடைத்து விடுவார்கள். வேர் வரைக்கும் போனால்தான் செலவு.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு டார்ச் லைட் கொண்டு வருகிறேன். ஐந்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், எந்தப் பள்ளியானாலும் சரி. ஆறாவது பல்லை எண்ணிப் பார்ப்போம்.