வீட்டுக் கம்ப்யூட்டரில் சர்வர்: தமிழ் ஏன் கேள்விக்குறியாகிறது?

புத்தகப் பட்டியல், கடைக் கணக்கு போன்ற வெப் அப்ளிகேஷன்களை எழுதிப் பழக வாடகை சர்வர் தேவையில்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையே சர்வர் ஆக்கலாம். இதற்கு உதவும் ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பு 2002-இல் வெளிவந்தது. பக்கங்களை அனுப்பும் அபாச்சி, புரோகிராமை இயக்கும் பிஎச்பி, தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மூன்றும் இதில் சேர்ந்தே வரும். (கன்ட்ரோல் பேனலில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் 2015 முதல் உள்ளே இருப்பது மரியாடிபி. குழம்ப வேண்டாம்.)

இன்ஸ்டால் செய்ததும் கன்ட்ரோல் பேனலில் அபாச்சி, மைஎஸ்க்யூஎல் இரண்டுக்கும் எதிரே உள்ள ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். பெயர்கள் பச்சையானால் சரி. அபாச்சி மட்டும் அடம் பிடித்தால், 80-ஆம் எண் போர்ட்டை வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கலாம். கான்ஃபிக் பட்டன் வழியே அபாச்சியின் அமைப்புக் கோப்பைத் திறந்து, லிசன் என்ற வரியில் 80-ஐ 8080 ஆக்குங்கள். பிறகு பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியுடன் முக்காற்புள்ளியும் 8080-ம் சேர்த்து டைப் செய்ய வேண்டும். உங்கள் பிஎச்பி கோப்புகள் இருக்க வேண்டிய இடம் எச்டிடாக்ஸ் ஃபோல்டர்.

இதுவரை எல்லோரும் வந்துவிடுவார்கள். தமிழில் தகவல் சேமிப்பவர்கள் சிக்குவது இனிமேல்தான். திருக்குறள் என்று சேமித்தால் ??????????? என்று திரும்பி வரும். பலரும் ஃபாண்டை மாற்றிப் பார்க்கிறார்கள். பாவம், ஃபாண்ட் மேல் குற்றமில்லை! டேபிள் லத்தீன்1 என்ற எழுத்துத் தொகுதியில் அமைந்திருந்தால் அங்கே தமிழுக்கு இடமே கிடையாது. பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம். பல சமயம் சத்தமில்லாமல் ஒவ்வொரு யுனிகோட் குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறியை எழுதிவிடும். எண்ணிப் பாருங்கள்: எழுத்து 6, கேள்விக்குறி 11. புள்ளியும் கொக்கியும் யுனிகோடில் தனிக் குறியீடுகள்.

பதறாமல் பிஎச்பிமைஅட்மினில் அதே டேபிளைத் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் தகவல் பத்திரமாக இருக்கிறது. உங்கள் புரோகிராமில் டேட்டாபேஸை இணைத்த வரிக்கு அடுத்து, செட் சார்செட் கட்டளையில் யுடிஎஃப்8எம்பி4 என்று கொடுத்தால் போதும். அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் மூல எழுத்து போய்விட்டது. டேபிளின் தொகுதியை மாற்றினாலும் திரும்பாது. மறுபடி டைப் செய்ய வேண்டியதுதான்.

எனவே டேட்டாபேஸை உருவாக்கும்போதே கொலேஷன் பட்டியலில் யுடிஎஃப்8எம்பி4 யுனிகோட் சிஐ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எம்பி4 இல்லாத பழைய யுடிஎஃப்8 ஓர் எழுத்துக் குறியீட்டுக்கு 3 பைட் வரைதான் தரும். தமிழுக்கு அது போதும். 4 பைட் கேட்கும் இமோஜிக்குப் போதாது. பழைய டேட்டாபேஸை இம்போர்ட் செய்வதானால், அதற்கு முன் அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து லத்தீன்1 என்ற சொல் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள்.