பழைய காரில் செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா? பேட்டரி வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்!

அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் உத்தர்பாராவில் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கும் பல ஆண்டுகள் முன்பே விடைபெற்றுவிட்டது. ஆனாலும் முறையாகப் பேணினால், ஒட்டன்சத்திரத்திலிருந்து வடகாடு, பாச்சலூர் வழியாகத் தாண்டிக்குடி வரை ஏறும் வலு இந்த வண்டிகளுக்கு இன்றும் உண்டு. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றினால் பலரும் உடனே புது பேட்டரி வாங்குகிறார்கள். அதற்குப் பிறகும் அதே தொல்லை நீடித்தால் செலவு செய்த பணம் வீண். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டுச் செலவு செய்யுங்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் ஒரு துணை ஆளும் இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

1. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். சோதிக்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது. பெட்ரோல் வண்டியில் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிறிய ஒயரைக் கழற்றிவிடுங்கள். டீசல் வண்டியில் இன்ஜினை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்தால் போதும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடம் ஆற விடுங்கள்.

2. கருவி இல்லாமலே செய்யக்கூடிய முதல் சோதனை இது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் மிகவும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது. அடியோடு அணைந்தால் பேட்டரி டெர்மினலில் பிடிப்பு சரியில்லை. வெளிச்சம் குறையாமல் மோட்டார் மட்டும் சோம்பலாகச் சுற்றினால் கேபிள், சொலினாய்டு, செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள்.

3. இரவு முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் முழுமையாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு மற்றச் சோதனைகளுக்குப் போங்கள். சார்ஜ் இல்லாத பேட்டரியை வைத்து எடுக்கும் எந்த அளவும் நம்மைத் தவறான இடத்துக்கே கொண்டுபோகும்.

4. மூடி திறக்கும் பேட்டரியானால் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 அளவுக்குக் குறைவாகக் காட்டினால் அந்த செல் போய்விட்டது. பேட்டரியை மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். போர் தண்ணீரில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும்.

5. செல்ஃப் அடிக்கும்போதே பேட்டரியின் வோல்டேஜைப் பாருங்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரி 9.6-க்குக் கீழே சரிந்தால், பேட்டரி வலுவிழந்திருக்கிறது அல்லது மோட்டார் அதிகம் இழுக்கிறது. 11 வோல்ட்டுக்குக் குறையாமல் நின்றும் இன்ஜின் மெதுவாகவே சுற்றினால், பேட்டரி நன்றாக இருக்கிறது. கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. பழைய வண்டிகளில் பலர் கவனிக்கத் தவறுவது இந்த இடத்தைத்தான். கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் பாசி அடைத்தால் வயலுக்கு எப்படிப் பாயும்?

6. டெர்மினல்களைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். எர்த் டெர்மினலை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பூத்திருக்கும் உப்பின் மேல் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரை ஊற்றினால் பொங்கிக் கரையும். அது பேட்டரிக்குள் போகாமல் மூடிகளை இறுக்கிவிடுங்கள். பிறகு உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாஸ்லின் பூசுங்கள்.

7. வெளியே சுத்தமாகத் தெரியும் இணைப்பிலும் உள்ளே தடை இருக்கலாம். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் வீணாகிவிடும். அதனால் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் அல்லாத கம்பத்திலும், மறுமுனையை மோட்டாரின் டெர்மினலிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையிலுள்ள ஒவ்வொரு லக்கையும் சொலினாய்டையும் இதே முறையில் தனித்தனியாகச் சோதியுங்கள். எங்கே அளவு எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு.

8. எர்த் பக்கத்தை மறக்கவே மறக்காதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே பின்னல் பட்டை ஒன்று இருக்கும். அது துருப்பிடித்தோ இழை அறுந்தோ போயிருக்கலாம். பேட்டரியின் எர்த் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்துக்கும் இடையே செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பட்டையை மாற்றுங்கள். சோக் கேபிளோ ஆக்சிலரேட்டர் கேபிளோ சூடானால், கரண்ட் அதன் வழியாகத் திரும்புகிறது என்று அர்த்தம். வண்டிக்குப் பெயின்ட் அடித்த பிறகு தொல்லை ஆரம்பித்திருந்தால், பட்டை உட்காரும் இடத்துப் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள்.

9. பழைய கேபிளுக்குப் பதில் மெல்லிய கேபிள் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பெட்ரோல் காருக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் தாராளம். 6 வோல்ட் வண்டியில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓடும் என்பதால் இன்னும் தடிமனாக வேண்டும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். வேறு பேட்டரி மாட்டும் முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. வழியெல்லாம் சுத்தமாக இருந்தால்தான் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்தாலோ, கம்யூட்டேட்டர் கறுத்தாலோ வலு குறையும். புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் உள்ளே உரசும். சூடானதும் இன்னும் மோசமாகும். புது புஷ்ஷை மாட்டுவதற்கு முன் ஒரு நாள் இன்ஜின் ஆயிலில் ஊறவிடச் சொல்லுங்கள்.

11. இன்ஜினே இறுக்கமாக இருக்கிறதா? அம்பாசிடர் போல ஹேண்டில் வசதியுள்ள வண்டியில், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சீராகச் சுற்றினால் இன்ஜின் மீது பழி இல்லை. ஏதாவது ஓர் இடத்தில் அடித்தாற்போல் நின்றால் மேற்கொண்டு வலுக்கட்டாயம் செய்யாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

12. காலையில் நன்றாகச் சுற்றி, ஓடி நின்ற பிறகு மட்டும் திக்கித் திக்கிச் சுற்றினால், இக்னிஷன் டைமிங் அதிகம் முன்னே தள்ளியிருக்கலாம். காயில் ஒயரைக் கழற்றியதும் தாராளமாகச் சுற்றினால் சந்தேகம் உறுதி. டைமிங்கைச் சரிசெய்தால் போதும்.

13. சார்ஜிங்கையும் பாருங்கள். இன்ஜின் சற்று வேகமாக ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். டைனமோ உள்ள வண்டி ஐடிலிங்கில் சார்ஜ் ஏற்றாது. மலைப்பாதை நெரிசலில் ஹெட்லைட், வைப்பர் போட்டு நின்றால் பேட்டரிதான் கரையும். ஃபேன் பெல்ட் தளர்வையும் சரிபாருங்கள்.

14. டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானலில் இரவு தங்கப் போகிறீர்களா? குளிரில் பேட்டரியின் வலு குறையும். ஆயில் கெட்டியாகி இன்ஜினும் கனக்கும். கீழே ஒட்டன்சத்திர வெயிலில் மறைந்திருந்த குறை மேலே வெளிப்பட்டுவிடும். மேற்சொன்ன சோதனைகளைக் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். காலையில் கிளட்சை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்தால், கியர்பாக்ஸைச் சுற்றும் பாரம் மிச்சமாகும். கொண்டை ஊசி வளைவுச் சரிவில் வண்டியை உருட்டி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள்.

15. அளந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம், “செல்ஃப் எடுக்கல” என்று மட்டும் சொல்லாமல், “எர்த் பக்கம் 0.8 வோல்ட் காட்டுதுண்ணே” என்று சொல்லுங்கள். அவர் நேராக அந்த இடத்தில் கை வைப்பார். நல்ல உதிரிபாகம் தேவையில்லாமல் மாறாது. பழைய வண்டிக்கு அசல் பாகம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருவதால், இருப்பதைக் காப்பதே பெரிய சேமிப்பு.